காரோடனும் குருந்தக்கல்லும்: கூர்க்கருவி பேணிய தொழில் பற்றிய ஓர் ஆய்வு

பண்டைத் தமிழரின் வேலையும் வாளையும் பற்றி நாம் மிகுதியாகப் பேசியிருக்கிறோம். அவற்றை ஏந்திய மறவரைப் பற்றியும் பேசியிருக்கிறோம். அவற்றைச் செய்த கொல்லரைப் பற்றிப் பேசியது குறைவு. செய்த கருவி மழுங்கியபொழுது அதற்கு மீண்டும் கூர் தந்தவரைப் பற்றிப் பேசியதோ அதனினும் குறைவு. கருவியைச் செய்வது ஒரு நாள் வேலை. பேணுவது அதன் வாழ்நாள் முழுவதும் நிகழும் வேலை. எனினும் அவ்வேலை நம் வரலாற்று நூல்களில் ஒரு பத்தியளவும் இடம் பெறவில்லை. அக்குறையைச் சிறிதேனும் நீக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு எம்மைத் தூண்டியது வகுப்பறையில் எழுந்த ஒரு வினா. அகநானூற்றின் கடவுள் வாழ்த்தை அடுத்து நிற்கும் முதற் பாட்டை, மாமூலனார் பாடிய பாலைத்திணைப் பாட்டை, யாம் முதுகலை மாணவர்க்குப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறோம். பொதினி மலையிடத்துக் காரோடன் பயினொடு சேர்த்த கல்லைப் போலப் பிரியமாட்டோம் என்று தலைவன் முன்பு கூறிய சொல்லை அவன் மறந்தானோ எனத் தலைவி தோழியிடம் வினவும் பகுதி அதில் உண்டு. ‘காரோடன் என்பவன் சாணைக்கல் செய்பவன், பயின் என்பது அரக்கு’ என உரை மரபு கூறும் பொருளைச் சொல்லி யாம் அடுத்த அடிக்குச் செல்வது வழக்கம். ஓராண்டில் ஒரு மாணவர் எழுந்து, “ஐயா, எங்கள் தந்தையார் தச்சு வேலை செய்கிறவர். உளியைக் கல்லில் பிடித்தால் சூடு ஏறும். சூடு ஏறினால் அரக்கு இளகிவிடுமே. பிறகு எப்படி அது பிரியாத கல் ஆகும்?” என்று கேட்டார். எம்மிடம் விடை இல்லை. நூலகத்தில் உள்ள உரைகளிலும் விடை இல்லை. பொருள் எழுதியவர்க்குச் சொல் தெரிந்திருந்தது. பொருளை யாம் பார்த்ததில்லை. அன்று தொடங்கிய தேடலின் பயனே பின்வருவன.

1. சொற்கள் காட்டும் தொழில்

கூர்மைப்படுத்தும் தொழிலுக்குத் தமிழில் ஒரு சொல் அன்று, பல சொற்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு தனிச் செயலைக் குறிக்கும். வடித்தல், அராவுதல், சாணை பிடித்தல், தீட்டுதல் என்பன அவற்றுள் தலையாயவை.

வடித்தல் என்பது உலையில் காய்ச்சி அடித்து உருவும் முனையும் தருதல். பொன்முடியார் பாடிய புறநானூற்று 312ஆம் பாட்டு, வேலை வடித்துக் கொடுப்பது கொல்லனுடைய கடமை எனக் கூறும் இடத்து இச்சொல்லே வருகிறது. கருங்கல்லில் வேலை செய்யும் சிற்பியரின் உளி மழுங்கினால் அதனைக் கல்லில் தேய்ப்பதோடு தொழில் முடிவதில்லை. உலையிலிட்டு முனையை அடித்து நீட்டி நீரில் தோய்த்து எடுப்பதே முறை. ஆதலின் வடித்தல் என்பது புதிது செய்தலை மட்டுமன்றி, கெட்டதைச் செப்பனிடுதலையும் குறித்தது என்று கொள்ளுதல் பொருந்தும்.

அராவுதல் என்பது அரத்தால் தேய்த்தல். சாணை பிடித்தல் என்பது சுழலும் கல்லில் அலகைப் பொருத்தித் தேய்த்தல். தீட்டுதல் என்பது கல்லிலோ கட்டையிலோ தோலிலோ மென்மையாக இழைத்து இறுதிக் கூர் தருதல். இத்தீட்டுதல் என்னும் சொல்லே ஓவியம் தீட்டுதற்கும், எழுத்துத் தீட்டுதற்கும், அரிசி தீட்டுதற்கும் வழங்குவது கருதத்தக்கது. மேற்பரப்பின் மீது மீண்டும் மீண்டும் இழைந்து செல்லும் கையின் அசைவே இவை எல்லாவற்றிற்கும் பொது.

கூர் என்பதற்கு எதிர்ச்சொல் மழுக்கம். மழுங்குதல் என்னும் வினை முனை கெடுதலையும் ஒளி குறைதலையும் ஒருங்கே உணர்த்துகிறது. தொல்காப்பிய உரியியல் வாள் என்னும் சொல்லுக்கு ஒளி எனப் பொருள் கூறுகிறது. தீட்டப் பெற்ற அலகின் பக்கம் கண்ணாடி போல் ஒளிரும். ஆயின் தொழிலாளர் அறிந்த நுட்பம் ஒன்று உண்டு. அலகின் விளிம்பை நேராகக் கண்ணெதிரே பிடித்து நோக்கும்பொழுது அவ்விளிம்பில் வெள்ளிய கோடு ஒன்று மின்னுமாயின் அது மழுங்கியுள்ளது என்பது பொருள். உருண்டு போன விளிம்பே ஒளியைத் திருப்பும். நன்கு தீட்டிய விளிம்பு கண்ணுக்குப் புலனாகாது. பக்கம் ஒளிரவேண்டும், விளிம்பு மறையவேண்டும். இதுவே கூரின் இலக்கணம்.

2. அரம் என்னும் உவமை

திருக்குறளில் அரம் மூன்று இடங்களில் உவமையாகவும் உருவகமாகவும் வருகிறது. 567ஆம் குறளில், வேந்தனுடைய கடுஞ்சொல்லும் அளவு கடந்த தண்டமும் அவன் வலிமையைத் தேய்க்கும் அரமாகின்றன. 888ஆம் குறளில், உட்பகை உற்ற குடி அரத்தால் பொரப்பட்ட பொன்னைப் போலத் தேய்கிறது. 997ஆம் குறளில், மக்கட்பண்பு இல்லாதவர் அரத்தின் கூர்மை உடையராயினும் மரத்தை ஒப்பர் எனப்படுகிறது. முதல் இரண்டும் தேய்த்தல் பற்றியன. மூன்றாவது கூர்மை பற்றியது.

மூன்றாவதற்கு உரை எழுதிய பரிமேலழகர், தான் மழுங்காது தன்னைச் சார்ந்தவற்றை மழுங்கச் செய்யும் தொழில் பற்றி இவ்வுவமை வந்தது என்பர். நுண்ணிய உரையே. ஆயினும் பட்டறையில் நின்று நோக்குவார்க்கு ஓர் ஐயம் எழும். அரமும் மழுங்குவதே. மென்மையான எஃகில் உளி கொண்டு ஒவ்வொரு பல்லாக வெட்டி, பின்னர்க் காய்ச்சித் தோய்த்து வன்மையூட்டிச் செய்யப்படுவது அரம். பல நாள் வேலை செய்தபின் அதன் பற்கள் தேய்ந்து வழுக்கத் தொடங்கும். தேயாது தேய்ப்பது என்று ஒன்று தொழிலுலகில் இல்லை. தேய்வில் வேகம் வேறுபடுதல் மட்டுமே உண்டு. இது பரிமேலழகரை மறுப்பதன்று. உவமையின் எல்லையை உணர்த்துவதாகும்.

அரம் என்னும் சொல் தேய்க்கும் கருவியை மட்டும் குறித்தது எனக் கருதுதலும் பிழையாகும். ஆவூர் மூலங்கிழார் பாடிய அகநானூற்று 24ஆம் பாட்டில், வேள்வி செய்யாத பார்ப்பான் சங்கை அறுத்து வளையல் எடுப்பது வாளரத்தாலேயாகும். வளை எடுத்தபின் எஞ்சிய சங்கின் தலைப்பகுதி பகன்றையின் விரியாத அரும்புக்கு உவமையாயிற்று. இங்கு அரம் அறுக்கும் கருவி. சங்கினை மெல்லிய வளையங்களாக ஒரே அளவில் அறுத்தல் மிக நுட்பமான வேலை. அறுக்கும் பல் சிறிது மழுங்கினாலும் சங்கு உடையும். ஆதலின் வளையல் அறுத்தவர்க்குக் கருவி பேணுதலும் தொழிலின் ஒரு பாதியாக இருந்திருத்தல் வேண்டும்.

3. நெய் பூசிய வேலும் நுனி சிதைந்த வேலும்

கருவி பேணுதல் பற்றிய தெளிவான சான்று ஔவையாரின் புறநானூற்று 95ஆம் பாட்டில் உள்ளது. தொண்டைமானுடைய படைக்கலங்கள் பீலி அணிந்து, மாலை சூட்டி, காம்பு திருத்தி, நெய் பூசிக் காவல் மிக்க மனையில் கிடக்கின்றன. அதியமானுடையனவோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லனின் சிறிய கொட்டிலில் கிடக்கின்றன என்பது அதன் கருத்து. இதனைப் புகழ்வது போலப் பழித்தல் என்று அணி நயம் கூறி முடிப்பர். தொழில் நயமும் இதில் உண்டு. நெய் பூசுதல் இரும்பைக் காற்றும் ஈரமும் தீண்டாமல் காப்பதற்குரிய முறை. துருவேறிய விளிம்பு தீட்டும்பொழுது சிறு சிறு குழிகளாக உடையும். ஆதலின் பயன்படுத்தாத கருவிக்கு எண்ணெயே காப்பு. பயன்படுத்தும் கருவிக்கு உலையும் கல்லுமே காப்பு. பேணுதலின் இவ்விரு வகையையும் ஔவையார் எதிரெதிரே நிறுத்தி, எது உயிருள்ள பேணுதல் என்பதைக் காட்டிவிட்டார்.

4. காரோடன் சேர்த்த கல்

இனி மாணவர் எழுப்பிய வினாவிற்கு வருவோம். அலகைத் தேய்க்கும் பொருள் அலகைக் காட்டிலும் வன்மை உடையதாதல் வேண்டும். கனிமங்களின் வன்மையை ஒன்று முதல் பத்து வரை வரிசைப்படுத்தி மோஸ் என்னும் செருமானிய அறிஞர் 1812-இல் ஓர் அளவை வகுத்தார். அதில் வைரம் பத்து, குருந்தம் ஒன்பது, வெங்கச்சங்கல் எனப்படும் வெண்கல் ஏழு. வன்மையூட்டிய எஃகு ஏறத்தாழ ஏழை ஒட்டி நிற்கும். ஆகவே மணற்கல்லில் எஃகைத் தேய்த்தல் மெல்ல நிகழும். குருந்தத்தில் தேய்த்தல் விரைந்து நிகழும்.

குருந்தம் என்னும் சொல்லே ஐரோப்பிய மொழிகளில் கொரண்டம் என வழங்குகிறது. அச்சொல் தமிழிலிருந்து சென்றதென்பதை ஆங்கில அகராதிகள் ஒப்புகின்றன. ஆசியாவிலிருந்து வந்த இக்கல்லைப் பற்றிச் சார்லசு கிரெவில் 1798-இல் இலண்டன் வேத்தியற் கழகத்தின் இதழில் கட்டுரை எழுதினார். மாணிக்கமும் நீலமும் இக்கனிமத்தின் தெளிந்த வடிவங்களே. நிறமும் தெளிவும் இல்லாதது சாணைக்கு ஆயிற்று. கொங்கு நாட்டில் காங்கேயத்தை அடுத்த சிவன்மலைப் பாறைகளில் குருந்தம் கிடைப்பதை ஹாலந்து என்னும் நிலவியலார் 1901-இல் விரிவாக எழுதியுள்ளார். நாமக்கல் பகுதியின் சித்தம்பூண்டியும் குருந்தத்திற்குப் பேர்பெற்றது. பொதினி எனப் பாட்டில் வருவது இன்றைய பழனி. சிவன்மலையும் பழனியும் ஒரே நிலப்பரப்பைச் சேர்ந்தவை. நொய்யற்கரைக் கொடுமணலில் 1985 முதல் நிகழ்ந்த அகழாய்வுகள் இரும்பு, எஃகுத் தொழில்களோடு மணி செய்யும் தொழிலும் அங்கு நிகழ்ந்ததைக் காட்டின. பழனிக்குத் தென்மேற்கே பொருந்தலில் 2009-இலும் 2010-இலும் நிகழ்ந்த அகழாய்வுகள் கண்ணாடி மணிகளை வெளிப்படுத்தின. ஆகவே மாமூலனார் காரோடனைப் பொதினியில் நிறுத்தியது வெறும் கற்பனையன்று. கைத்தொழில் நிறைந்த நிலத்தில் ஒரு தொழிலாளியைக் கண்டு நிறுத்தியதாகும்.

மரபுவழிச் சாணைக்கல் செய்யும் முறை இது. குருந்தத்தை இடித்துப் பொடியாக்கிச் சலிப்பர். அரக்கை உருக்கி அப்பொடியைக் கலந்து வட்ட வடிவில் அழுத்தி இறுக விடுவர். அதன் நடுவே அச்சுக் கோத்து, வாரால் சுற்றி ஒருவர் முன்னும் பின்னும் இழுக்க, மற்றொருவர் அலகை அதன் விளிம்பில் பிடிப்பர். பருத்த பொடியால் செய்த கல் முதல் தேய்ப்புக்கும், நுண்பொடியால் செய்த கல் இறுதித் தேய்ப்புக்கும் ஆகும்.

இம்முறையை அறிந்தபின் ‘பயினொடு சேர்த்த கல்’ என்பதற்கு இரு வகையாகப் பொருள் கொள்ள இடமுண்டு எனத் தெரிகிறது. மணி தீட்டுவோர் மணிக்கல்லை ஒரு கோலின் நுனியில் அரக்கால் ஒட்டிப் பிடித்துத் தேய்ப்பர். அதனைக் குறித்தது என்பது ஒன்று. குருந்தப் பொடியை அரக்கில் பிணித்துச் செய்த சாணையைக் குறித்தது என்பது மற்றொன்று. முதலாவது ஒட்டு வேலை முடியும் அளவும் நிற்பது. முடிந்தவுடன் சூடு காட்டிப் பிரிப்பதற்கென்றே செய்யப்படுவது. பிரியேன் எனச் சூளுரைக்கும் தலைவன் அதனை உவமையாகச் சொல்லியிருக்கமாட்டான். இரண்டாவதோ, கல்லும் அரக்கும் ஓருடம்பாகி, தேய்ந்தால் இரண்டும் உடன் தேய்வது. மணியை மட்டும் பிரித்தெடுத்தல் இயலாதது. தலைவன் கூறக் கருதியது இதுவே. காரோடன் சாணைக்கல் செய்வோன் என்னும் உரை மரபும் இதற்கே அரணாகிறது. இச்சொல்லுக்குக் கருவியின் உறை செய்வோன் என்னும் பொருளும் அகராதிகளில் காணப்படுகிறது. கூர் தருதலும் கூர் காத்தலும் ஒருவர் கைத்தொழிலாய் இருந்தமையை இது உணர்த்துவதாகலாம்.

ஆயின் அரக்கு இளகுமே என்ற மாணவரின் ஐயம் எஞ்சுகிறது. அரக்கு ஏறத்தாழ 65 பாகை செல்சியசு வெப்பத்தில் இளகத் தொடங்கி 80 பாகையை அணுகும்பொழுது உருகும். ஆதலின் இக்கல்லை உலர்ந்த நிலையில் அழுத்திப் பயன்படுத்துதல் கூடாது. நீர் தெளித்து, அழுத்தம் குறைத்து, இடைவிட்டுத் தேய்த்தல் வேண்டும். நீர் இருக்கும் வரை கல் பிரியாது. நீர் வற்றி வெம்மை ஏறினால் பிணிப்பு நெகிழும்.

இங்குப் பாட்டின் பிற்பகுதியை நோக்குதல் வேண்டும். தலைவன் சென்ற வழியை மாமூலனார் எவ்வாறு காட்டுகிறார்? நிழல் தேய்ந்து மரங்கள் உலர்ந்தன, பாறைகள் காய்ந்தன, சுனைகள் நீரற்றுப் புலர்ந்தன, நெல்லைச் சிந்தினால் பொரியும் அளவிற்கு வெம்மை மிக்கது என்கிறார். கல் காய்தலும் நீர் அறுதலும் காரோடனின் கல் நெகிழும் நிலைகள் அல்லவா? சூளுரைத்தவன் தன் சொல்லுக்கு உவமையாகச் சொன்ன பொருள் எந்நிலையில் கெடுமோ அந்நிலையே அவன் நடக்கும் வழியில் நிறைந்திருக்கிறது. தலைவன் உவமையின் ஒரு பாதியை மட்டும் அறிந்து சொன்னான். புலவரோ முழுமையும் அறிந்து பாட்டை அமைத்தார் எனக் கொள்வதே எம் கருத்து. மாணவர் கேட்டது பாட்டின் குறையன்று, பாட்டின் உயிர்நிலை.

5. கல் பிரிதலும் அலகு கெடுதலும்

அரக்கின் மென்மை குறையே அன்று, தொழிற்பயனும் ஆகும். வன்மையூட்டிய எஃகு 220 பாகை வெப்பத்தை அடையும்பொழுது வைக்கோல் நிறம் கொள்ளும். 300 பாகையை ஒட்டி நீலம் பாயும். நீலம் பாய்ந்த நுண்கருவியின் விளிம்பு மென்மையடைந்து கூரைத் தாங்காது. அரக்குச் சாணையோ அந்நிலை வருமுன்னரே இளகித் தொழிலாளியின் கையை எச்சரிக்கும். கல் தான் கெட்டு அலகைக் காக்கும் எனலாம்.

அமெரிக்கராகிய அச்செசன் 1891-இல் மின்னுலையில் கரியும் மணலும் சேர்ந்த புதிய வன்பொருளைக் கண்டார். அதற்குக் கார்பன், கொரண்டம் என்னும் இரு சொற்களையும் இணைத்துக் கார்போரண்டம் எனப் பெயரிட்டார்; 1893-இல் காப்புரிமையும் பெற்றார். குருந்தம் என்னும் தமிழ்ச்சொல் இவ்வாறு அப்பெயருள் மறைந்து நின்றது. 1954-இல் சென்னையில் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் தொடங்கப் பெற்றபொழுது அச்சொல் புதிய உருவில் தான் பிறந்த நாட்டிற்கே மீண்டது. இன்றைய சாணைச் சக்கரங்களில் பல களிமண் சேர்த்து உயர் வெப்பத்தில் சுட்டுச் செய்யப்படுவன, சூட்டில் இளகாதன. மின்விசையால் சுழலும் அவை விரைந்து தேய்க்கின்றன. ஆனால் எச்சரிப்பதில்லை. கல் நிற்கிறது, அலகு நீலம் பாய்கிறது. ஆகவேதான் நுண்ணிய உளி, இழைப்புளி முதலியவற்றை இன்றும் தேர்ந்த தச்சர் இறுதியில் கைக்கல்லிலேயே தீட்டுகின்றனர்.

கைக்கல்லில் தீட்டும் முறையிலும் இலக்கணம் உண்டு. அலகின் சாய்வை முதலிலிருந்து கடைசி வரை ஒரே கோணத்தில் பிடித்தல் வேண்டும். தச்சுளிக்கு அது 25 முதல் 30 பாகை வரை அமையும். மறுபக்கத்தில் மயிர் போன்ற பிசிறு தோன்றும் வரை தேய்த்தால்தான் இரு பக்கங்களும் விளிம்பில் சந்தித்தன என்று பொருள். பின்னர் அப்பிசிறை நுண்கல்லிலும் தோலிலும் நீக்கவேண்டும். நடு குழிந்த கல்லில் தீட்டிய உளி நேர்விளிம்பு பெறாது. ஆதலின் கல்லையும் அவ்வப்பொழுது தேய்த்துச் சமனாக்குதல் வேண்டும்.

கல்லே இன்றித் தீட்டும் முறையும் தமிழகத்தில் உண்டு. தென்மாவட்டங்களில் பனையேறும் தொழிலாளர் வெங்கச்சங்கல்லை இடித்த பொடியை மரக்கட்டையில் தூவி அதன்மேல் பாளை அரிவாளை இழைத்துத் தீட்டுவர். பாளையை நாள்தோறும் மிக மெல்லிய சீவலாகச் சீவினால்தான் பதநீர் தடையின்றிச் சுரக்கும். தடித்துச் சீவினால் பாளை விரைவில் தீர்ந்துவிடும். மழுங்கிய அரிவாள் சீவாது, நசுக்கும். கூர் என்பது அத்தொழிலாளர்க்கு அழகன்று, அவ்வாண்டின் வருவாய்.

6. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் புலனாவன சில. கூர்மைப்படுத்தும் தொழில் தமிழில் வேறு வேறு சொற்களால் பகுத்துணரப்பட்டிருந்தது. குருந்தமும் அரக்கும் கூடிய சாணை சங்ககாலத்திலேயே உவமையாகும் அளவிற்குப் பரவலாக அறியப்பட்டிருந்தது. அவ்வுவமையின் முழுப் பொருளும் தொழிலை அறிந்தார்க்கே விளங்குவதாகும்.

காரோடன் என்னும் சொல் வழக்கிறந்தது. சாணை பிடிப்போர் மிதிவண்டியில் சக்கரம் பூட்டித் தெருவில் வருதல் இன்று அரிதாகிவிட்டது. அவர்கள் வழங்கும் சொற்கள் அவர்களோடு மறைவதற்கு முன் தொகுக்கப்படுதல் வேண்டும். 1982-இல் கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களை அகராதியாக்கி வழிகாட்டினார். கொல்லர், தச்சர், சிற்பியர், பனையேறுவோர் ஆகியோரின் தொழிற்சொற்களைப் பட்டறைகளுக்கே சென்று தொகுக்கும் பணியை முதுகலை மாணவர் மேற்கொள்வாராயின், எம் வகுப்பில் எழுந்தது போன்ற வினாக்கள் பலவற்றிற்கு விடை கிட்டும்.

அம்மாணவர்க்கு யாம் மறுமொழி கூற ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று. அவர் கேட்டு மகிழ்ந்து, “எங்கள் தந்தையாரிடம் சொல்கிறேன், ஐயா. நீர் வற்றவிடாதே என்று அவர் நாள்தோறும் சொல்வார்” என்றார். இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய பாட்டிற்கு அத்தச்சர் நாள்தோறும் உரை கூறி வந்திருக்கிறார். அவ்வுரை எம் செவிக்கு எட்ட இத்துணைக் காலம் ஆயிற்று.